தொட்டிக்குள் வந்த ஆறு

மீனோடு தமிழர் கொண்ட உறவு மிகப் பழையது. பாண்டியர் தம் கொடியில் மீனைப் பொறித்தனர். புலவர்கள் மகளிர் கண்ணுக்குக் கயலை உவமை கூறினர். ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் கெண்டை, கெளுத்தி, விரால், ஆரல், அயிரை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இட்டு, அதன் சுவையையும் இயல்பையும் தெரிந்து வைத்திருந்தனர். கோயில் குளத்து மீனுக்குப் பொரி இட்டு மகிழ்வதும் நம் வழக்கமே. ஆயினும், மீனை விலைக்கு வாங்கி, இல்லத்தின் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து, அதனைக் காண்பதற்காகவே வளர்க்கும் வழக்கம் நம்மிடையே அண்மையில் தோன்றியது. அவ்வழக்கத்தின் வழியே நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த ஒரு மீன் குடும்பத்தின் வரலாற்றை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நான் வாழ்வது திருப்பூர் வட்டாரத்தில். பின்னல் இயந்திரங்களின் ஓசை ஓயாத ஊர் அது. உழைத்துக் களைத்து வீடு திரும்புவோர்க்கு, ஒலி ஏதும் இன்றி நீந்தும் மீன்களை நோக்கி இருப்பதில் ஓர் ஆறுதல் உண்டு. அதனால் போலும், இவ்வூரில் வண்ண மீன் வளர்ப்போர் பலர். மீன் கடைக்குள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவன தங்க மீனும் கப்பி மீனும் ஆகும். சற்றுக் குனிந்து நோக்கினால், கண்ணாடியில் வாயைப் பதித்து அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கருநிற மீன் ஒன்று தெரியும். அதனைச் 'சக்கர் மீன்' என்று கடைக்காரர் கூறுவர். தொட்டியின் பாசியைத் தின்று தூய்மை செய்யும் என்று சொல்லி, மிகக் குறைந்த விலைக்குத் தருவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மீனும் உண்டு. வெண்ணிற நூலும் கருநிற நூலும் மாற்றி மாற்றிப் பின்னினாற்போன்ற வரிகளை உடையது; விரல் நீளமே வளர்வது. அதன் விலையோ பல ஆயிரம் ரூபாய்.

ஒரே குடும்பத்தில் பிறந்த இருவருள் ஒருவர் எங்கும் மலிந்து கிடக்க, மற்றவர் கிடைத்தற்கு அரியவராக ஆனது ஏன்? அழகு ஒன்றுதான் காரணமா? இக்கேள்விக்குரிய விடை மீன் கடையில் இல்லை. ஆறுகளின் வரலாற்றில் இருக்கிறது.

கண்ணாடித் தொட்டியின் கதையை முதலில் காண்போம். அழகுக்காக மீன் வளர்க்கும் கலையில் சீனர் முன்னோடிகள். சோங் அரச மரபினர் ஆண்ட காலத்திலேயே அங்குப் பொன்னிற மீன்களைக் குளங்களில் பேணி வளர்த்தனர். ஆனால் மூடிய அறைக்குள், சிறிதளவு நீரில் மீனை நெடுநாள் உயிரோடு வைத்திருக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் தெளிவாயிற்று. இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒரு கலத்தில் ஒன்றையொன்று சார்ந்து வாழக்கூடும் என்பதை ஆராய்ந்து 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1853இல், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் காண்பதற்கென்று மீனகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பிலிப் காஸ் என்பவர் 1854இல் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்ற சொல் உலகெங்கும் பரவியது.

அவ்வலை நம் கரையையும் விரைவில் தொட்டது. 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவானது அது. இந்தியாவில் இவ்வகையில் எழுந்த முதற் காட்சியகம் என்று அதனைக் கூறுவர். மக்கள் திரண்டு கண்டு மகிழ்ந்த அக்காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. 1951இல் பம்பாயில் தாராபூர்வாலா மீன் காட்சியகம் தோன்றியது. பின்னர் மின்சாரம் வீடுதோறும் வந்தது. காற்றைச் செலுத்தும் சிறு பொறியும் நீரை வடிகட்டும் கருவியும் மலிவாகக் கிடைத்தன. காட்சியகத்தில் மட்டும் இருந்த தொட்டி இல்லத்திற்குள் இடம் பெயர்ந்தது. இன்று சென்னையை அடுத்த கொளத்தூரும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் வண்ண மீன் வளர்ப்புக்கும் வாணிகத்திற்கும் நாடறிந்த இடங்கள். உயிர்வளி நிரப்பிய பைகளில் அடைபட்டு, வண்ண மீன்கள் நம் ஊர்களுக்குப் பயணம் செய்கின்றன.

இனி நம் மீன் குடும்பத்திற்கு வருவோம். இதனை மீன் வளர்ப்போர் 'பிளெக்கோ' என்று சுருக்கமாக அழைப்பர். நம் ஆற்றுக் கெளுத்திக்கு இது தொலைதூர உறவு. நம் கெளுத்திக்கு உடல் வழுவழுப்பாக இருக்கும். இதற்கோ எலும்புத் தகடுகள் கவசம்போல் உடலை மூடியிருக்கும். வாய் முகத்தின் முன்புறம் இல்லாமல் அடிப்புறத்தில் வட்டமாக அமைந்திருக்கும். அவ்வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாய்ந்தோடும் வெள்ளத்திலும் நிலைபெயராமல் நிற்கும். இக்குடும்பத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கெளுத்தி வகைகளுள் இத்துணைப் பெரிய குடும்பம் வேறு இல்லை. தென் அமெரிக்காவும் அதனை ஒட்டிய நடு அமெரிக்கப் பகுதியுமே இவற்றின் தாயகம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே இவற்றுள் ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். அவர் இட்ட 'பிளெக்கோஸ்டோமஸ்' என்பதற்கு மடிந்த வாயை உடையது என்று பொருள். அவ்வறிஞர் இதனை ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்து எண்ணினார். கவசத்தைக் கண்டு அவ்வாறு கருதியிருக்க வேண்டும்.

அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் கடந்தும், அமேசான் ஆற்றுப் படுகையின் மீன்களை அறிஞர் உலகம் முழுமையாக அறிந்துகொள்ளவில்லை. ஆனால் வாணிகர் காத்திருப்பார்களா? 1980களில் புதிய புதிய பிளெக்கோ மீன்கள் ஐரோப்பாவின் கடைகளுக்கு வந்து குவிந்தன. அவற்றுக்குப் பெயர் இல்லை. பெயரற்ற சரக்கை எவ்வாறு கேட்டு வாங்குவது? ஜெர்மன் நாட்டு மீன் வளர்ப்பு இதழ் ஒன்று 1988ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டது. குடும்பப் பெயரின் முதலெழுத்தாகிய 'எல்' என்பதோடு ஓர் எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு மீனுக்கும் படத்துடன் அடையாளம் தந்தது. அறிஞர் பெயரிடும் வரை இவ்வெண்ணே பெயராக நின்றது. பனியன் வாணிகத்தில் துணியின் நிறத்தை எண்ணிட்ட வண்ண அட்டையைக் காட்டிக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். ஏறத்தாழ அதே முறைதான் இது. இன்றும் அரிய பிளெக்கோ வாங்குவோர் எண்ணைச் சொல்லியே கேட்கின்றனர்.

அவ்வரிசையில் 46ஆம் எண்ணைப் பெற்றதே நான் முன்பு கூறிய கருப்பு வெள்ளை வரி மீன். வரிக்குதிரைப் பிளெக்கோ என்று இதனை வழங்குகின்றனர். இஸ்புரூக்கர், நைசன் என்னும் இரு அறிஞர்கள் 1991ஆம் ஆண்டில் இதற்கு முறையான அறிவியற் பெயர் சூட்டினர். பிரேசில் நாட்டில் அமேசானோடு கலக்கும் ஷிங்கு என்னும் பேராறு உண்டு. அது அல்டமீரா நகருக்குக் கீழே திடீரென்று வளைந்து, பாறைகளுக்கு இடையே பல கிளைகளாகப் பிரிந்து பாய்கிறது. அப்பெருவளைவுப் பகுதியே இம்மீனின் இயற்கை உறைவிடம். உலகில் வேறு எந்த ஆற்றிலும் இது இல்லை. அங்கே நீர் வெதுவெதுப்பானது. விரைந்து பாய்வதால் உயிர்வளி மிகுந்தது. பாறை இடுக்குகளில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடும் இயல்பினது இம்மீன். பெண் மீன் ஒரு முறைக்கு இடும் முட்டைகள் பத்துப் பதினைந்துக்கு மிகா. ஆண் மீன் குகையின் வாயிலில் நின்று அவற்றைக் காவல் காக்கும். குஞ்சுகள் தாமே இரை தேடும் பருவம் வரும் வரை அதன் காவல் நீங்குவதில்லை.

பத்துப் பதினைந்து முட்டைகளால் பெருகும் இனம் உலகச் சந்தையின் பசிக்கு எவ்வாறு ஈடு கொடுக்கும்? அல்டமீராவின் மீனவர்கள் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றின் அடிக்கு மூழ்கி, பாறை இடுக்குகளில் கையால் தடவி இம்மீனைப் பிடித்தனர். உயிரைப் பணயம் வைத்த தொழில் அது. மீனவர்க்குக் கிடைத்தது சிறு கூலி; தொலைநாட்டுக் கடைகளில் விலை பன்மடங்காயிற்று. 2004ஆம் ஆண்டில் பிரேசில் அரசு இம்மீனை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்து, பிடிப்பதற்கும் விற்பதற்கும் தடை விதித்தது. தடைக்குப் பின் திருட்டு வாணிகம் வளர்ந்தது. பயணப் பெட்டிகளில் மறைத்து எல்லை கடத்தப்பட்ட மீன்களுள், வழியிலேயே மாண்டவை பல.

பிடிப்பதைவிடப் பெரிய தீங்கு பின்னர் வந்தது. ஷிங்கு ஆற்றின் குறுக்கே பெலோ மான்ட்டே என்னும் மாபெரும் மின் அணை எழுப்பும் பணி 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. 2016இல் மின் உற்பத்தி தொடங்கி, 2019இல் அனைத்துப் பொறிகளும் இயங்கலாயின. அதன் ஆற்றல் பதினோராயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்டது. அம்மின்சாரத்திற்காக ஆற்று நீரின் பெரும்பகுதி வேறு வழியில் திருப்பப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பெருவளைவில் வெள்ளம் குன்றியது. விரைந்த நீரில் கழுவப்பட்டுத் தூய்மையாக இருந்த பாறை இடுக்குகள் வண்டல் படியும் நிலையை அடைந்தன. வரி மீனுக்கு அதுவே உலகம். அவ்வுலகத்தின் இயல்பு மாறிவிட்டது. அருகிவரும் உயிர்களின் வாணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 2017இல் இம்மீன் இடம் பெற்றது. 2022இல் பனாமாவில் கூடிய மாநாடு கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. ஆற்றில் பிடித்த மீனை வாணிகத்திற்காக ஏற்றுமதி செய்யும் அளவு சுழியம் என்று அம்மாநாட்டில் முடிவாயிற்று.

ஆகவே அரிய மீனின் அருமைக்குக் காரணம் அதன் வரி அழகு மட்டுமன்று. ஓர் ஆறு தன் இயல்பை இழந்ததும் அதற்குக் காரணம்.

மலிந்த மீனின் கதை இதற்கு நேர்மாறானது. நம் கடைகளில் சக்கர் மீன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பாய்போல் விரிந்த முதுகுத் துடுப்பை உடைய மற்றொரு பிளெக்கோ வகை. விரல் அளவில் வாங்கும்போது அது சாதுவாகத் தோன்றும். நன்கு வளர்ந்தால் ஒரு முழ நீளத்தை எட்டும். சிறு தொட்டியில் அதற்கு இடம் ஏது? வளர்த்தவர்க்குக் கொல்ல மனம் வருவதில்லை. வைத்திருக்கவும் இடம் இருப்பதில்லை. ஒரு நாள் மாலையில் அதனை எடுத்துச் சென்று ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிட்டு, நல்லறம் செய்த நிறைவோடு வீடு திரும்புகின்றனர்.

அந்த இரக்கமே கேடாக முடிகிறது. இம்மீன் ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும். ஈரம் இருந்தால் நீருக்கு வெளியிலும் பல மணி நேரம் தாங்கும். கவசம் பூண்ட உடலைத் தின்னும் பகை நம் நீர்நிலைகளில் மிகக் குறைவு. கரை மண்ணில் நீண்ட வளை தோண்டி அதனுள் முட்டையிடும். அதனால் ஏரிக் கரையும் வாய்க்கால் கரையும் நெகிழும். மீனவரின் வலையில் சிக்கினால் முள் துடுப்பால் வலையைக் கிழிக்கும். உண்பாரும் வாங்குவாரும் இல்லாமையால் பிடித்த உழைப்பும் வீணாகும். மெக்சிகோ நாட்டில் இன்பியர்னில்லோ என்னும் நீர்த்தேக்கம் நன்னீர் மீன்பிடிப்புக்குப் பேர்பெற்றது. அங்கே இம்மீன் பெருகியதால் ஆயிரக்கணக்கான மீனவரின் பிழைப்புக் குலைந்தது. நம் நாட்டிலும் திருவனந்தபுரத்துக் கால்வாயிலும், கொல்கத்தாவின் ஈரநிலங்களிலும், காசியில் கங்கையிலும், ஆந்திரத்து நீர்நிலைகளிலும் இது காணப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு நீர்நிலைகளும் இதற்கு விலக்கல்ல.

இவ்விரு கதைகளையும் திருப்பூரில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பவர்க்கு, மூன்றாவது கதையொன்று தானே நினைவுக்கு வரும். அது நொய்யலின் கதை.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, பேரூரைத் தழுவி, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். பேரூர்ப் புராணம் இதனைக் காஞ்சிமாநதி என்று போற்றுகிறது. முன்னோர் இதன் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளங்களைச் சங்கிலிபோல் நிரப்பி வேளாண்மை செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருப்பூரில் பின்னல் தொழில் வேரூன்றியது. 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதி பெருகப் பெருக, சலவைப் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் ஆற்றங்கரையில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பற்றுவதற்கு மிகுதியான உப்பைச் சேர்க்க வேண்டும். சாயத்தின் நிறத்தைப் போக்கச் சுண்ணாம்பும் பிற மருந்துகளும் உதவும். கரைந்த உப்பை அவற்றால் போக்க இயலாது. நிறம் நீங்கித் தெளிந்ததுபோல் தோன்றிய நீரும் உப்பு நீராகவே ஆற்றில் இறங்கியது, நிலத்தடிக்கும் சென்றது.

1992ஆம் ஆண்டில் பாசனத்திற்காக ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குளமாக மாறியது. உழவுக்கென்று கட்டிய அணையின் நீரைக் கண்டு உழவரே அஞ்சும் நிலை வந்தது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றில் விடாத நிலையை எய்துமாறு ஆணையிட்டது. அது முழுமையாக நிறைவேறாமையால், 2011 சனவரி 28ஆம் நாள் சாயப் பட்டறைகளை மூடும்படி தீர்ப்பளித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. எண்ணற்ற தொழிலாளர் குடும்பங்கள் அந்நாட்களில் அடைந்த துயரத்தை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆற்றை இழந்த உழவரின் துயரமும் அதற்குக் குறைந்ததன்று. பின்னர், நீரைச் சவ்வின் வழியே வடிகட்டி, எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றச் செய்து, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறைகளோடு பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆற்றுக்குச் செய்த தீங்கின் விலை எவ்வளவு என்பதைத் திருப்பூர் பணத்தாலும் கண்ணீராலும் கற்றுக்கொண்டது.

அரிய மீன் வளர்ப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு நீரில் இருக்கிறது. மீன் வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது நீரையே. வரி மீனுக்குக் கரைந்த உப்புகள் குறைந்த மென்மையான நீர் வேண்டும். 28 முதல் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்குப் பதினெட்டரைக் கோடி லிட்டர் நீரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொணரும் திட்டமே இத்தொழில் நகருக்கு 2000களில் தேவைப்பட்டது. பின்னலாடைத் தொழிலில் உள்ள என் நண்பர் ஒருவர், குழாய் நீரை ஒரு நாள் வைத்திருந்து குளோரின் நீங்கச் செய்து, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரை அதனோடு அளவாகக் கலந்து, டி.டி.எஸ். மானியால் அளந்த பிறகே தொட்டியில் ஊற்றுவார். சாயப் பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் கற்ற கலை அது. டி.டி.எஸ். என்ற சொல் இவ்வூரில் தேநீர்க் கடைப் பேச்சிலும் புழங்குவதாகும். வேறு ஊர்களில் புத்தகத்தைப் பார்த்துக் கற்க வேண்டியதை இங்குள்ளோர் பட்டறிவால் அறிவர்.

வாங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றையும் கூறுவது கடமை. முதலாவது, மீன் எங்கே பிறந்தது என்று கேட்க வேண்டும். வரி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் ஆர்வலர்கள் கண்டறிந்தனர்; இந்தோனேசியப் பண்ணைகளில் இன்று பெருமளவில் வளர்க்கின்றனர். பண்ணையில் பிறந்த மீனை வாங்குவதால் ஷிங்கு ஆற்றுக்குக் குறை இல்லை. ஆற்றில் பிடித்தது என்று பெருமை பேசி விற்பவரிடம் வாங்குவது திருட்டுக்குத் துணை போவதாகும். இரண்டாவது, மீனின் வயிறு ஒட்டியிருக்கிறதா, கண் உள்வாங்கியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். பிளெக்கோக்கள் அனைத்தும் பாசி தின்னும் என்று எண்ணி, இரை இடாமல் பட்டினியால் வாட்டுவோர் பலர். வரி மீன் பாசியைப் பெரிதும் நாடுவதில்லை. புழு பூச்சி முதலிய ஊன் உணவையே விரும்பும். மரக்கட்டையைச் சுரண்டி வாழும் வகைகளும் உண்டு. அவற்றின் தொட்டியில் மரத்துண்டு இருத்தல் இன்றியமையாதது. மூன்றாவது, அது எவ்வளவு வளரும் என்று அறிந்த பின்பே வாங்க வேண்டும். வளர்ந்த பிறகு வைக்க இடமில்லை என்றால், வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

நான்காவது, சட்டம். நம் நாடு 1976 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையில் உறுப்பு வகிக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அவ்வுடன்படிக்கையைத் தழுவிய பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய விதிகள் 2024இல் வெளியாயின. பரிவேஷ் என்னும் அரசின் மின்னணுத் தளத்தின் வழியே பதிவு நடைபெறுகிறது. அரிய மீனை விலை கொடுத்து வாங்குவோர், அது பட்டியலில் உள்ளதா என்பதைப் பார்த்து, விற்பவரிடம் உரிய சீட்டும் சான்றும் பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம்.

ஐந்தாவதே அனைத்திலும் முதன்மையானது. எந்த அயல் மீனையும் நம் நீர்நிலையில் விடலாகாது. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சார் ஈரநிலங்களின் உலகப் பட்டியலிலும் இடம் பெற்றது. பழங்காலக் குளம் ஒன்று இத்தொழில் வட்டாரத்தின் நடுவே பிழைத்திருப்பது நம் நற்பேறு. அதில் நீந்தும் மீன்களை நம்பியே பறவைகள் வருகின்றன. கவசம் பூண்ட ஒரு சோடி மீனை இரக்கத்தால் ஒருவர் அதில் விட்டால், அப்பறவைகளின் இரைக்கும் குளத்தின் கரைக்கும் கேடு சூழும். மேலும், நம் கெளுத்தியும் கெண்டையும் வாழ முடியாத மாசு நிறைந்த நீரிலும் இம்மீன் காற்றை விழுங்கி வாழும் என்று முன்னரே கூறினேன். ஆதலால் நோயுற்ற ஆறு அயல் மீனுக்கு எளிதில் இடங்கொடுக்கும். நொய்யலைத் தூய்மை செய்யும் முயற்சி ஒருபுறம் நடக்கும்போது, நம் மீன்கள் திரும்பி வருவதற்கு முன் அயல் மீன் அங்கே குடியேறுமாயின், பட்ட பாட்டின் பயனைப் பெறுவது யார்? வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பித் தரலாம். பெரிய தொட்டி உடையவரிடம் ஒப்படைக்கலாம்.

அரிய மீன் ஒன்றை வாங்கி வளர்க்க விரும்புவது குற்றமன்று. அழகியதொன்றைக் கண்டு வியப்பதும், அதன் இயல்பை அறிந்து பேணுவதும் மனிதப் பண்பின் சிறப்புகள். பிரேசில் நாட்டு ஆற்றில் அருகிவரும் ஓர் இனம், உரிய முறையில் பேணும் வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் பெருகி வருவது நல்ல செய்தியே. ஆனால் தொட்டியில் பெருகுவது ஆற்றில் வாழ்வதற்கு ஈடாகாது. பெருவளைவின் வெள்ளமும் பாறையும் அம்மீனை உருவாக்கின. அவை இல்லாமல் அதன் வரலாறு நிறைவு பெறாது.

வரி மீனை அரியதாக்கியதும் ஆற்றுக்கு நேர்ந்த கேடே. சக்கர் மீன் மலிந்து பெருகும்போது துன்புறுவதும் ஆறே. ஷிங்கு ஆற்றின் மீனுக்காக நீரின் உப்பை நாள்தோறும் அளந்து பார்க்கும் கை, நொய்யலின் நீரையும் அவ்வாறே அளந்து பார்க்கத் தகுந்தது. கூடத்துத் தொட்டியில் நாம் கற்ற பொறுமையையும் தூய்மையையும் ஊரின் ஆற்றுக்கும் உரியதாக்கினால், இவ்வட்டாரத்துச் சிறுவர் கெளுத்தியையும் அயிரையையும் கண்ணாடி வழியே அன்றிக் கரையில் நின்றே காணும் காலம் வரும்.